ஐப்பசி மழையில் மக்கரோன் சுடலாமா? டெல்டா வீட்டு கிச்சனுக்கு ஒரு கைடு

ரீல்ஸ்ல கட்டாயம் பார்த்திருப்பீங்க. ரோஸ், பிஸ்தா பச்சை, லாவண்டர்னு சின்னச் சின்ன வட்ட பிஸ்கட், ரெண்டுக்கு நடுவுல க்ரீம். கடிச்சா மேல மெல்லிசா மொறுமொறுப்பு, உள்ளே மெத்துனு பாதாம் வாசனை. பேரு மக்கரோன். பிரான்ஸ் பலகாரம். 'மூணே பொருள்தான், வீட்டுலயே செய்யலாம்'னு அந்த வீடியோல சொல்வாங்க. அதை நம்பி கால் கிலோ பாதாம் வாங்கிட்டு வந்து இறங்கினவங்க எத்தனை பேர்னு தெரியல. நானும் ஒருத்தி.

எங்க ஊர் திருப்பனந்தாள். செஞ்சடையப்பர் கோயில் இருக்கிற ஊர். ஒரு ஐப்பசி மாசம், தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி, வெளியே மழை கொட்டிட்டு இருக்கும்போது மக்கரோன் போட ஆரம்பிச்சேன். முதல் தட்டு மேலெல்லாம் வெடிச்சு வந்துச்சு. ரெண்டாவது தட்டு பரந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. மூணாவது தட்டைப் பார்த்துட்டு சித்தி, "ஏன்டி, இது பிஸ்கட்டா வடாமா?"ன்னு கேட்டாங்க. பாதாம் போச்சு, எட்டு முட்டை போச்சு, ஒரு சாயங்காலமே போச்சு.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. கை சரியில்லைன்னு நினைச்சது தப்பு. அன்னைக்குக் காத்துல இருந்த ஈரம்தான் அத்தனையையும் கெடுத்திருக்கு. நீங்க பார்க்கிற ரெசிப்பி பலதும் குளிர்ந்த, காய்ந்த காத்து உள்ள ஊர்லயோ, ஏசி ஓடுற கிச்சன்லயோ எழுதினது. வயலும் வாய்க்காலுமா இருக்கிற நம்ம ஊருக்கு அதை அப்படியே எடுத்துட்டு வந்தா ஒத்து வராது. கொஞ்சம் மாத்தணும். எதை, எப்படின்னு பார்ப்போம்.

கன்னியாஸ்திரிகளும் தூத்துக்குடியும்

கொஞ்சம் வரலாறு. செய்முறைக்கும் இது உதவும்.

மக்கரோன்னா எப்பவும் கலர் கலரா க்ரீம் வெச்சதுன்னு நினைக்காதீங்க. பாதாம் பொடி, முட்டை வெள்ளை, சர்க்கரை மூணையும் கலந்து சுட்ட ஒத்தை பிஸ்கட்தான் பழைய மக்கரோன். கலர் கிடையாது, க்ரீம் கிடையாது. பிரான்ஸ்ல ஊருக்கு ஊர் ஒரு வகை உண்டு. நான்சிங்கிற ஊரோட மக்கரோன் அதுல பேர் போனது. 1790கள்ல பிரெஞ்சுப் புரட்சி நடந்தப்போ கன்னியர் மடங்களையெல்லாம் கலைச்சாங்க. இருக்க இடம் இல்லாம வெளியே வந்த ரெண்டு கன்னியாஸ்திரிகள், தங்களுக்குத் தெரிஞ்ச இந்த பிஸ்கட்டைச் சுட்டு வித்துப் பிழைச்சாங்க. 'மக்கரோன் சகோதரிகள்'ங்கிற பேர்ல இன்னைக்கு நான்சியில ஒரு தெருவே இருக்கு. காசித் திருமடம் இருக்கிற எங்க ஊர்ல உட்கார்ந்து இதைப் படிச்சப்போ, மடம் இல்லாமப் போனா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிக்கத் தோணுச்சு.

ரெண்டு பிஸ்கட்டை நடுவுல க்ரீம் வெச்சு ஒட்டுற பாரிஸ் மக்கரோன் இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். லதுரேங்கிற பாரிஸ் கடை மூலமாத்தான் அது உலகம் முழுக்கப் பிரபலமாச்சு. பக்கத்துல காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர்தான். ஆனா எங்க தெருவுக்கு மக்கரோன் வந்து சேர்ந்தது போன் ஸ்க்ரீன் வழியாத்தான்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சொந்தக்காரரும் இதுக்கு உண்டு. தூத்துக்குடி மக்ரூன். பேரைக் கேட்டாலே உறவு தெரியும். பாதாமுக்குப் பதிலா முந்திரி. முட்டை வெள்ளையை நுரைக்க அடிச்சு, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கோபுரம் மாதிரி சுழிச்சுப் பிழிஞ்சு, குறைஞ்ச சூட்டுல நேரமெடுத்து வேக வைப்பாங்க. வாயில போட்டா கரைஞ்சிடும். முந்திரி மரத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது போர்ச்சுகீசியர்கள். முத்துக்குளிக்கிற அந்தக் கடற்கரையில அவங்க பதினாறாம் நூற்றாண்டுலயே காலூன்றினாங்க. அதனால மக்ரூனும் அவங்க வழியா வந்ததுன்னு அந்த ஊர்ல சொல்வாங்க. நமக்கு முக்கியம் வேற. உப்புக்காத்து அடிக்கிற கடலோர ஊர்ல, முட்டை வெள்ளைப் பலகாரத்தை நமத்துப் போகாம செய்ய முடிஞ்சிருக்கு. குறைஞ்ச சூடு, நிறைய நேரம், சூடு ஆறினதும் காத்துப் புகாத பாக்கெட். டெல்டாவுக்கும் அதுதான் வழி.

மழைக்கு ஏன் ஆகாது?

பாரிஸ் மக்கரோன்ல பிஸ்கட்டோட அடியில பாவாடைக் கரை மாதிரி சுருக்கம் சுருக்கமா ஒரு விளிம்பு இருக்கும். பேக்கிங் பண்றவங்க அதை 'கால்'னு சொல்வாங்க. மாவைத் தட்டுல பிழிஞ்சதும் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ சும்மா விடணும். மேல மெல்லிசா ஒரு தோல் கட்டும். விரலால தொட்டா ஒட்டக்கூடாது. அப்புறம் அடுப்புல வைக்கும்போது உள்ளே ஆவி கிளம்பும். மேல தோல் இருக்கிறதால அதைக் கிழிக்க முடியாம, மொத்த வட்டத்தையும் தூக்கிட்டு அடிப்பக்கமா வெளியேறும். அப்படி வர்றதுதான் அந்தக் கால். தோல் கட்டலைன்னா ஆவி மேல்பக்கம் பிச்சுக்கிட்டு வரும். எனக்கு வெடிச்சது அதனாலதான்.

மழைக்காலத்துல உப்பு ஜாடியில தண்ணி விடுறதைப் பார்த்திருப்பீங்க. சர்க்கரையும் அப்படித்தான், காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மக்கரோன் மாவுல பாதி சர்க்கரை. ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமா தாண்டும். தோல் காய்றதுக்குப் பதிலா ஈரத்தைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால முட்டையை உடைக்கிறதுக்கு முன்னாடி போனை எடுங்க. வெதர் ஆப்ல 'ஹியூமிடிட்டி'ன்னு ஒரு நம்பர் இருக்கும். 60க்குக் கீழே இருந்தா தைரியமா இறங்கலாம். 60லிருந்து 75னா, கீழே சொல்ற உபாயங்களோட செய்யலாம். அதுக்கு மேலன்னா அன்னைக்குப் பாரிஸ் மக்கரோன் வேண்டாம். ஒரே நாள்லயும் இந்த நம்பர் மாறும். விடியக்காலையில உச்சத்துல இருக்கும், மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு இறங்கும். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் மத்தியான வேளை நமக்கு நல்ல நேரம். தீபாவளி ஆர்டர் எடுக்கலாம்னு நினைக்கிற ஹோம் பேக்கர்ஸ், ஏசி ரூம் இல்லைன்னா பாரிஸ் வகைக்கு அட்வான்ஸ் வாங்காதீங்க. கண்டிப்பா சொல்றேன்.

மழை நாளுக்கு: முதல்ல நான்சி

முதல் தடவை செய்றவங்களும் மழை நாள்ல செய்றவங்களும் நான்சி மக்கரோன்லேர்ந்து ஆரம்பிங்க. தோல் கட்ட வேண்டாம். நுரைக்க அடிக்கவும் வேண்டாம்.

பாதாம் பொடி 100 கிராம், பொடிச்ச சர்க்கரை 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இதுல முட்டை வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசையணும். ஒண்ணு, ஒண்ணரை முட்டையோட வெள்ளை போதும். உளுந்து வடை மாவு பதம் வந்ததும் நிறுத்திடுங்க. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, பட்டர் பேப்பர் மேல நெல்லிக்காய் அளவு உருண்டையா இடைவெளி விட்டு வைங்க. விரலைத் தண்ணியில நனைச்சு மேல லேசா தடவுங்க. ஆமா, தண்ணிதான். இந்த வகையில மேல வெடிப்பு விழுந்தாத்தான் அழகு. 170 டிகிரியில 15 நிமிஷம், ஓரம் பொன்னிறமா வர்ற வரைக்கும். ஆறினதும் எடுங்க. பார்க்க ரொம்ப சாதாரணமாத்தான் இருக்கும். ருசியில பாரிஸ்காரரை விட இவர்தான் எனக்குப் பிடிச்சவர்.

அடுத்தது தூத்துக்குடி வகை. முட்டை வெள்ளையை அடிக்கக் கை பழகுறதுக்கு இதை விட நல்ல பாடம் கிடையாது. ரெண்டு முட்டை வெள்ளை (சுமார் 60 கிராம்), பொடிச்ச சர்க்கரை 120 கிராம், முந்திரிப் பொடி 70 கிராம். வெள்ளையை நல்லா அடிச்சு, சர்க்கரையைத் தவணையா சேர்த்து, கெட்டி நுரை ஆனதும் முந்திரிப் பொடியைத் தூவி மெதுவா மடிச்சுக் கலந்து பிழியுங்க. ஓ.டி.ஜி-யில 110 டிகிரி, ஒரு மணி நேரம். அணைச்சுட்டு அடுப்புக்குள்ளேயே ஆற விடுங்க. அடுப்பே காய வைக்கிறதால மழை ஒண்ணும் பண்ணாது. கடை மக்ரூன் அளவுக்கு வராதுதான். ஆனா டப்பா ரெண்டு நாள்ல காலியாகும்.

பண்ருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளையுறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அணைக்கரைப் பாலம் தாண்டினா ஜெயங்கொண்டம் ரோடு. பொடிக்கத்தானே போறோம், உடைஞ்ச முந்திரியே வாங்குங்க. முழு முந்திரியை விட விலை குறைவு. கை பழகுற வரைக்கும் பாதாம்ல காசைக் கரைக்காதீங்க.

இப்போ பாரிஸ் மக்கரோன்

அளவு தராசுலதான். டம்ளர் கணக்கு, ஸ்பூன் கணக்கு இதுக்குச் சரிவராது. சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு அவசியம். முட்டை வெள்ளை 60 கிராம், பாதாம் பொடி 75 கிராம், ஐசிங் சுகர் 75 கிராம், பொடியா இருக்கிற சாதா சர்க்கரை 60 கிராம். முப்பதுக்கும் மேல வட்டம் வரும். ஜோடி சேர்த்தா பதினஞ்சு, பதினாறு மக்கரோன்.

பாதாம் பொடிதான் முதல் கண்டம். பாதாமை வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் போட்டுத் தோலை உரிச்சா அது தண்ணி குடிச்சிருக்கும். உடனே அரைக்காதீங்க. துணியில துடைச்சு, ஒரு நாள் வெயில்லயோ ஃபேன் அடியிலயோ உலர்த்தி, அப்புறம் அடுப்புல 100 டிகிரியில 20 நிமிஷம் வெச்சு, முழுசா ஆற விடுங்க. மிக்ஸியில தொடர்ந்து ஓட்டினா எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி ஆயிடும். ஐசிங் சுகரையும் கூடவே போட்டு, ரெண்டு ரெண்டு செகண்டா விட்டு விட்டு ஓட்டுங்க. மைதா சலிக்கிற சல்லடையில சலிங்க. மேல தங்குற ரவையைப் பாதாம் பால்ல போட்டுக்கலாம். அதுக்கு ஈடா பொடியை மறுபடி எடை பார்த்துச் சேர்த்துக்கோங்க. கடையில வாங்குற பாதாம் பொடியா இருந்தாலும் மழைக்காலத்துல பத்து நிமிஷம் அடுப்புல சூடு காட்டி ஆற வெச்சுட்டுத்தான் நான் எடுப்பேன்.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ இருக்கட்டும். பிளாஸ்டிக்ல எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாது. எலுமிச்சை மூடியால உள்ளே ஒரு தடவு தடவித் துடைச்சிடுங்க. மஞ்சள் கரு ஒரு சொட்டு கலந்தாலும் நுரை வராது. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்துல உடைச்சு, அப்புறம் சேருங்க. பீட்டர் முதல்ல மெதுவா, சோப்பு நுரை மாதிரி வந்ததும் சர்க்கரையை மூணு தவணையா போட்டு வேகத்தைக் கூட்டுங்க. கம்பியைத் தூக்கினா நுனி கிளி மூக்கு மாதிரி லேசா வளைஞ்சு நிக்கணும். கலர் போடணும்னா ஜெல் கலர். தண்ணி கலர் வேண்டவே வேண்டாம், அதுவும் ஈரம்தான்.

இப்போ கலக்குற கட்டம். இங்கதான் பாதிப் பேர் தோக்குறாங்க. சலிச்ச பொடியை ரெண்டு தவணையா போட்டு, ரப்பர் கரண்டியால அடியிலிருந்து அள்ளி மடிங்க. ஆரம்பத்துல இட்லி மாவு மாதிரி பொங்கலா இருக்கும். பாத்திரத்து ஓரத்துல லேசா அழுத்தி அழுத்தி மடிக்க மடிக்க, தோசை மாவை நோக்கி இளகிட்டு வரும். கரண்டியைத் தூக்கினா மாவு அறுந்து விழாம நாடா மாதிரி இறங்கணும். அதாலேயே எட்டுன்னு ஒரு நம்பர் எழுதிப் பாருங்க. விழுந்த கோடு பத்துப் பதினஞ்சு செகண்ட்ல மாவோட கலந்துட்டா, நிறுத்துங்க. அதுக்கு மேல ரெண்டு மடிப்பு கூடினாலும் தட்டுல ஆறா ஓடும். குறைவா கலந்தா இன்னும் ரெண்டு தடவை மடிச்சுச் சரி பண்ணலாம், கூடிப் போனதுக்கு வைத்தியம் கிடையாது.

பைப்பிங் பை இல்லைன்னா கெட்டியான பிளாஸ்டிக் கவரோட மூலையை வெட்டிக்கோங்க. பட்டர் பேப்பருக்குப் பின்பக்கம் அஞ்சு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய வட்டமா வரைஞ்சு, நேர் மேலேர்ந்து பிழியுங்க. தட்டை மேசையில ரெண்டு மூணு தடவை டொக் டொக்னு தட்டுங்க. உள்ளே இருக்கிற காத்துக் குமிழ் மேல வரும், பல் குத்துற குச்சியால உடைச்சிடுங்க.

அடுத்து காய வைக்கிறது. காய்ந்த நாள்னா ஃபேன் அடியில 40 நிமிஷம். ஈரப்பதம் 70 பக்கம்னா வேற வழி: ஓ.டி.ஜி-யை 50 டிகிரியில சூடு பண்ணி, தட்டை உள்ளே வெச்சு, கதவு இடுக்குல ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாத் திறந்த மாதிரி 8லிருந்து 10 நிமிஷம் விடுங்க. தொட்டுப் பாருங்க. தோல் கட்டினதும் தட்டை வெளியே எடுத்துட்டு அடுப்பை 150 டிகிரிக்கு ஏத்துங்க. வீட்டுல ஏசி இருந்தா 'ட்ரை' மோடு போட்டு அந்த ரூம்லேயே காய வைக்கலாம். ராத்திரி முழுக்க வெளியே விட்டா காஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம ஊர்ல ராத்திரிதான் ஈரம் அதிகம்.

வேக வைக்க 150 டிகிரி, 14லிருந்து 16 நிமிஷம். அடுப்பை 20 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணணும். ஓ.டி.ஜி-யோட திருகில 150னு காட்டுறதும் உள்ளே இருக்கிற சூடும் பல சமயம் ஒத்துப் போகாது. உள்ளே வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. வெந்துச்சான்னு பார்க்க, ஒரு வட்டத்தோட தலையை விரலால லேசா அசைங்க. கால் மேல தலை ஆடினா இன்னும் ரெண்டு நிமிஷம். முழுசா ஆறின பிறகுதான் பேப்பர்லேர்ந்து உரிக்கணும். அவசரப்பட்டா அடி பேப்பரோடவே வந்துடும்.

ஒரு பக்கமா சாஞ்சு வந்தா? தட்டு சமமா இல்ல, இல்லைன்னா அடுப்புல ஒரு பக்கம் சூடு அதிகம். பாதி நேரத்துக்கு அப்புறம் தட்டைத் திருப்பி வைங்க. சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக் கலய நாயனார் கழுத்துல கயிறு கட்டி நிமிர்த்தினதா சொல்ற ஊர் எங்களோடது. மக்கரோனுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். உள்ளே குடைஞ்ச மாதிரி வெற்றிடமா இருந்தா நுரையை அளவுக்கு மீறி அடிச்சிருப்பீங்க, அல்லது வேகாம எடுத்திருப்பீங்க. மேல கறுத்தா, கடைசி அஞ்சு நிமிஷம் மேலே இன்னொரு தட்டைச் செருகி மறைங்க.

கரன்ட், குக்கர், முட்டை

ஓ.டி.ஜி பெரும்பாலும் 1,200லிருந்து 2,000 வாட் வரை இழுக்கும். பெரிய 16 ஆம்பியர் பிளக்லதான் போடணும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. நடுவுல கரன்ட் போச்சுன்னா கதவைத் திறக்காம அஞ்சு நிமிஷம் பாருங்க. அதுக்குள்ள வந்துட்டா பிழைக்கும். கரன்ட் நிறுத்தம்னு அறிவிச்ச நாள்ல ஆரம்பிக்கவே வேண்டாம்.

குக்கர்ல மணல் போட்டுக் கேக் செய்ற மாதிரி இதைச் செய்யலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. நான்சி வகையைச் செய்யலாம், ஓரளவு வரும். பாரிஸ் வகை வராது. குக்கருக்குள்ள ஆவி சுத்திக்கிட்டே இருக்கும். அது வெளியே போகத்தானே இவ்வளவு பாடு.

முட்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதுங்கிற வீடுகள் எங்க ஊர்லயும் நிறைய. அவங்களுக்கும் வழி இருக்கு. வெள்ளைக் கொண்டைக்கடலை வேக வெச்ச தண்ணி! பத்து வருஷத்துக்கு முன்னாடிதான் பிரான்ஸ்ல ஒருத்தர் அது முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும்னு கண்டுபிடிச்சார். உப்பு போடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியைப் பாதியா சுண்ட வெச்சு, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. முட்டை வெள்ளை மாதிரி வழவழன்னு ஆயிருக்கும். அதே 60 கிராம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிஷத்துக்கு மேல அடிக்கணும். சூடு 125 டிகிரி, நேரம் 25 நிமிஷம் வரைக்கும். கடலை வாசனை வேகும்போது போயிடும். ஆனா முட்டையை விட இது ஈரத்துக்குப் பயப்படும். மாசி, பங்குனிக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

நடுவுல என்ன?

நம்ம வெயிலுக்குத் தண்ணி க்ரீமெல்லாம் ஆகாது. டார்க் சாக்லேட் 100 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 50 கிராம். க்ரீமைச் சூடாக்கி, உடைச்ச சாக்லேட் மேல ஊத்தி, ரெண்டு நிமிஷம் விட்டுக் கலக்குங்க. கும்பகோணம் பக்கத்துல இருந்துக்கிட்டு காபி சேர்க்காம எப்படி? கெட்டியான முதல் டிகாக்‌ஷன் ஒரு டீஸ்பூன் மட்டும். அதுக்கு மேல போனா இளகிடும். இனிப்பு மேல இனிப்பா இருக்கிற இந்தப் பிஸ்கட்டுக்கு அந்தக் கசப்புதான் சரியான ஜோடி.

செஞ்ச அன்னைக்கே சாப்பிடாதீங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க. இருந்தாலும் பாதியையாவது காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல வைங்க. க்ரீம்ல இருக்கிற ஈரம் பிஸ்கட்டுக்குள்ள மெதுவா இறங்கி, அப்பதான் உள்பக்கம் மெத்துனு ஆகும். இவ்வளவு நேரம் விரட்டின ஈரம் இங்க மட்டும் வேணும். அஞ்சாறு நாள் வரைக்கும் நல்லா இருக்கும். யாருக்காவது கொடுக்கும்போது பாதாம், முந்திரி ஒத்துக்காதவங்க இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. குழந்தைங்கன்னா கட்டாயம் கேக்கணும்.

சாப்பிடுறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி டப்பாவை ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளியே எடுங்க, ஆனா மூடியைத் திறக்காதீங்க. சில்லுனு இருக்கும்போது திறந்தா காத்துல இருக்கிற ஈரம் நேரா மக்கரோன் மேல முத்து முத்தா வேர்த்து, கலர் திட்டுத் திட்டா ஆயிடும். டப்பாவோட வெளிப்பக்கம் வேர்த்து அடங்கினதும் திறங்க. போட்டோ எடுக்கணும்னா அப்போ எடுங்க. ஃபேன் காத்துல ரொம்ப நேரம் வெச்சுட்டு ஆங்கிள் பார்த்துட்டு இருந்தா, ஐப்பசியில பதினஞ்சு நிமிஷத்துல மேல் தோல் பிசுபிசுக்க ஆரம்பிச்சிடும்.